பினாங்கு மாடியில் பிடிலும் ஒப்பாரியும்

1

பினாங்கில் பிடில் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதற்பாடம் தரையில் உட்காருவது. யாழ்ப்பாணத்தில், ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். நம்மவர் பிள்ளைகள் இங்கே மேசையில் சாப்பிட்டு, வாங்குப் பலகையில் இருந்து படித்து, கோயிலில் நின்று கும்பிட்டு வளர்ந்தவர்கள். சம்மணம் என்பது அவர்களுக்குக் கேள்வி ஞானம். வித்துவான் வைத்திலிங்கம் பிள்ளை "உட்காருங்க" என்றதும் பாதிப் பேர் சுவரைத் தேடிப் போனார்கள். ஒரு பையன் கை உயர்த்தி, கதிரை கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். முதல் நாட்களில் பிடில் பெட்டிகள் திறக்கப்படவே இல்லை. முழங்கால்கள்தாம் பயிற்சி பெற்றன.

மார்கழிப் பள்ளி விடுமுறையில் எங்கள் சங்கம் நடத்திய இசை வகுப்பைப் பற்றித்தான் சொல்லுகிறேன். சங்கத்துக்கு நான் செயலாளர். அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனிடம் இந்தப் பதவி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவன் உதறவும் மாட்டான். காலையில் எழுந்து கையெழுத்துப் போட ஏதாவது வேண்டும்.

வகுப்பு நடத்துவது என்று தீர்மானித்ததும் மற்றவர்கள் பாட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் அனுமதியைப் பற்றி யோசித்தேன். வாத்தியம் ஒலிக்கும் கூட்டமென்றால் பொலிஸில் சொல்ல வேண்டும். அங்கே விண்ணப்பத்தை வாங்கிய இளைஞன் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவன். மரியாதைக்கு எழுந்து நின்றுவிட்டு, விதியை விடாமல், "பிடில் அண்டை அயலாருக்கு இடைஞ்சலான சத்தம் தருமா?" என்று கேட்டான். "கற்பவரைப் பொறுத்தது" என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைத்தது. சங்கத்தின் மாடிக்குக் கீழே சீனர் ஒருவரின் தையற்கடை. மேலே பிள்ளைகள் கும்மியடித்தபோது பலகை இடுக்கு வழியே தூசு கொட்டி, யாரோ ஒரு துரையின் வெள்ளைக் காற்சட்டையில் படிந்தது. அதையும் ஒழுங்கு செய்தேன். கும்மி நேரத்தில் அவர் கறுப்புத் துணி தைப்பதென்று உடன்பாடு.

கற்பிக்க வந்தவர்கள் இருவர், கணவனும் மனைவியும். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள். ஒரு நாடகக் கம்பெனியோடு மலாயாவுக்கு வந்தார்கள். ஈப்போவில் முதலாளி கம்பெனியைக் கலைத்துவிட்டுக் கப்பலேறினார். இவர்கள் பினாங்கில் தங்கிவிட்டார்கள். வைத்திலிங்கம் பிள்ளை பிடில் வாசிப்பவர். மெலிந்த மனிதர், வெற்றிலைச் சிவப்பு வாய், ஆர்மோனியம் என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பார். அவர் மனைவி குஞ்சம்மாள் நாடகத்தில் மயானக் காட்சியில் அழுது பெயர் வாங்கியவள். பருத்த உடம்பு, கணீரென்ற குரல், பெரிய சிவப்புக்கல் மூக்குத்தி. நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று ஊர்ப் பாட்டெல்லாம் அவள் பொறுப்பு. என்னை அவள் 'கிராணி ஐயா' என்றுதான் கூப்பிடுவாள். தோட்டங்களில் கணக்கெழுதுபவர்களுக்கு வழங்கும் பெயர் அது. அரசாங்க உத்தியோகம் வேறு, தோட்டக் கிராணி வேறு என்று ஒருமுறை விளக்கினேன். "ரெண்டு பேரும் எழுதத்தானே செய்யறீங்க" என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை.

2

இனி வீட்டு விஷயம். அதைச் சொல்லாமல் வகுப்பில் நடந்தது விளங்காது.

நான் ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்புவது என்பது என் மனைவி வள்ளிப்பிள்ளை கல்யாணம் முடித்து இங்கே இறங்கிய நாளிலேயே தீர்மானமான காரியம். ஓய்வு பெற்றேன். திரும்பவில்லை. முதலில் வீட்டுக் குத்தகை முடியட்டும் என்றேன். பிறகு மகள் புவனத்தின் படிப்பு. படிப்பு முடிந்ததும் அவளுக்கு ஓர் ஆங்கிலப் பெண் பாடசாலையில் ஆசிரியை வேலை கிடைத்தது. தையில் தொடங்க வேண்டும். அதையும் காரணமாகச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், எனக்குப் போக மனமில்லை. யாழ்ப்பாணத்தில் மலாயாப் பென்சன்காரன் என்றொரு சாதி உண்டு. தொப்பியும் கைத்தடியுமாகச் சந்தைக்குப் போய், பினாங்கில் மீன் என்ன விலை என்று மீன்காரிக்கே சொல்லிக்கொடுப்பவன். அவனைப் பார்த்து இளமையில் நானும் சிரித்திருக்கிறேன். அந்த வேடத்தைப் போட எனக்கு அவசரமில்லை.

வள்ளிப்பிள்ளை சண்டை பிடிப்பவள் அல்ல. "எப்ப போறம்?" என்று கேட்பாள். "அடுத்த வருஷம்" என்பேன். "ஓம்" என்பாள். அந்த 'ஓம்' எந்த மேலதிகாரியின் கண்டனத்தையும்விடக் கனமானது.

அவளுடைய கேள்விக்குப் பின்னால் ஒரு துக்கம் இருந்தது. தாய் இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கியவள் மூத்த சகோதரி தையல்முத்து. புவனம் முதலாம் வகுப்பில் நெருப்புக் காய்ச்சலோடு கிடந்த மாதத்தில் தையல்முத்து இறந்துபோனாள். செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்திருந்தது. வள்ளிப்பிள்ளை கடிதத்தை வாசித்தாள். மடித்தாள். பிள்ளைக்குக் கஞ்சி வடிக்கப் போனாள். அழவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டுக்கு வரமுடியாமற்போன பெண், எத்தனை காலம் கழித்து வந்தாலும், படலையில், வேலி வாசலில், கால்வைத்ததும் அந்த வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடிப்பார்கள். தோளோடு தோள் சேர்த்து, ஒப்புச் சொல்லி, அன்றைக்குத்தான் சாவு விழுந்ததுபோல அழுவார்கள். அழுது முடிந்த பிறகே அவளுக்குத் தண்ணீர்ச் செம்பு. இங்கே அப்போது நாங்கள் இருந்த அரசாங்கக் குடியிருப்பில் அதற்கு வழியில்லை. ஒரு பக்கத்து வீட்டில் யூரேஷியக் குடும்பம், மறுபக்கத்தில் சீனர். கட்டிப்பிடிக்க ஆளுமில்லை, குரலெடுத்தால் என்னவோ ஏதோ என்று பொலிஸுக்கு ஆள் போகும்.

அதனால் வள்ளிப்பிள்ளை அக்காவைப் பற்றி இறந்தவளைப் போல ஒருநாளும் பேசியதில்லை. "அக்கா முருங்கைக்காய்க் கறிக்குப் புளி விடமாட்டா" என்பாள். "விடமாட்டா" என்றுதான் சொல்லுவாள். "விட்டதில்லை" என்று சொன்னதில்லை. ஆண்டுதோறும் மார்கழியில் திதி வரும். அன்று மட்டும் முழுகி, சமைத்து, ஓர் இலையில் படைத்து, அந்த இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

நான் ஒழுங்குமுறைக்காரன். நிலுவையில் கிடக்கும் காரியத்தைக் கண்டால் முடித்துவைக்கக் கை துறுதுறுக்கும். இவள் ஒருமுறை வாய்விட்டு அழுது தீர்த்துவிட்டால் இந்த 'எப்ப போறம்' அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். வகுப்பின் பாடத்திட்டத்தில் நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி ஆகியவற்றின் கீழே 'ஒப்பாரி' என்று நானே சேர்த்தேன். தலைவர் பார்க்காமலே ஒப்பமிட்டார். தலைவர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

3

வகுப்பு ஒருவாறு ஓடத் தொடங்கியது.

தரையில் உட்காரப் பழகியபின் அடுத்த சிக்கல் வந்தது. நம் முறையில் பிடில் வாசிப்பவர் வலக்காலைச் சற்று முன்னே விட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்ற வேண்டும். குட்டைக் கவுன் போட்ட பெண்பிள்ளைகள் இதை எப்படிச் செய்வது? தாய்மாருக்குச் சொல்லியனுப்பினேன், பாவாடை கட்டி அனுப்புங்கள் என்று. மறுநாள் பினாங்கில் அத்தனை பாவாடைகள் எங்கிருந்து முளைத்தன என்று தெரியவில்லை. சிலது தாய்மாரின் பழைய சேலையை வெட்டியது. சிலது சன்னல் திரை என்பது என் சந்தேகம்.

என் மகள் புவனமும் மாணவி. அவள் முன்பே வயலின் கற்றவள். ஆங்கில முறைப்படி நின்றுகொண்டு, நாடிக்குக் கீழே வைத்து, எதிரே தாளைப் பார்த்து வாசிப்பாள். வைத்திலிங்கம் பிள்ளை அவளை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"விரல் சுத்தமா விழுதும்மா. ஆனா நீ படிக்கட்டு இறங்கற மாதிரி வாசிக்கிறே. ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு. நம்ம சங்கீதம் சறுக்கு."

"நோட்டேஷன் தருவீங்களா மாஸ்டர்?"

"காதுல எழுதிக்க."

"காதில எப்பிடி மாஸ்டர் எழுதுறது? முடியாதுலா."

"அப்ப நாளைக்கும் வா. முடியற வரைக்கும் வா."

அவள் தமிழ் அப்படித்தான். தாயின் யாழ்ப்பாணப் பேச்சு பாதி, கடைத்தெரு மலாய்ப் பேச்சின் 'லா' பாதி, யோசிப்பது ஆங்கிலத்தில். தாய் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவளிடம் பதில் இல்லை. மறுபாதி அவளுக்கு விளங்குவதில்லை. தாயும் மகளும் ஒரே வீட்டில் அன்பாக, தடுக்கித் தடுக்கி வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பிற்பகல் குஞ்சம்மாளின் நேரம். அவள் வந்ததும் பிடில் வகுப்பில் மீதியிருந்த ஒழுங்கும் போய்விடும்.

"எழுந்திருங்க எழுந்திருங்க! காலையிலேருந்து இவரு உங்களை உக்கார வச்சே கொன்னுட்டாரு. நடவுக்குக் குனியணும். எங்கே, குனி பாப்பம்."

"ஊர்ப் பாட்டை வகுப்பு வச்சுச் சொல்லித் தரணுமா?" என்பார் வைத்திலிங்கம் பிள்ளை, வில்லுக்குக் குங்கிலியம் தடவிக்கொண்டு. "மாட்டுக்குத் தண்ணி குடிக்கக் கத்துக் குடுக்கற மாதிரி இருக்கு."

"உங்க பிடிலு மாதிரி முக்கி முனகி வர்றதில்லீங்க எங்க பாட்டு. வாயைத் திறந்தா வரும். வராட்டி போகும்."

"வாயைத் திறந்தா வேற என்னென்னவோதான் வருது."

பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் சண்டையும் பாடத்திட்டத்தில் சேர்ந்தது என்றே பலர் நினைத்திருக்க வேண்டும். குஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்குவாள்.

"நாத்துக் கட்டு தூக்கி வர்ற நல்லதம்பி கொழுந்தரே,
சேத்துக் காலு பட்டுச்சுன்னா சிரிக்காதீங்க கொழுந்தரே."

கப்பற்றுறைக் கிளார்க்கின் மகன் ஒருவன் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டான். 'கொழுந்தர்' யார் என்று கேட்டான். புருஷனுடைய தம்பி என்று குஞ்சம்மாள் சொன்னாள். "அப்ப அவருக்கு ஏன் சிரிப்பு வரவேணும்?" என்றான் அவன். பின்னால் பாயில் இருந்த வள்ளிப்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம்.

கோப்பி கொண்டுவரும் சாக்கில் முதலில் வந்தவள், பிறகு சாக்கில்லாமலே வந்தாள். குஞ்சம்மாளோடு ஒட்டிக்கொண்டாள். "எங்கடை பக்கம் அரிவு வெட்டேக்கை இப்பிடி இழுக்கமாட்டினம், வெட்டி வெட்டிப் பாடுவினம்" என்று சொல்லி, ஓர் அடியைக் கீழ்க்குரலில் பாடியும் காட்டினாள். வைத்திலிங்கம் பிள்ளை குங்கிலியக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த அடியைப் பிடிலில் எடுத்தார். தண்ணீர் குடிக்கக் கற்க வேண்டாத மாடு என்று சொன்னவர், அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வெட்டும் அரிவாளின் வேகம் அதில் இருந்தது. புவனம் தன் பிடிலை எடுத்துப் பின்தொடர்ந்தாள். தாயின் குரலில் இருந்து வந்த ஒரு பாட்டை மகள் விரலால் தேடிய அந்தப் பிற்பகலில், என் திட்டம் சரியான பாதையில் போகிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

4

ஒப்பாரிக்குரிய முறை வந்தபோது குஞ்சம்மாள் கையை விரித்தாள்.

"அது மட்டும் முடியாது கிராணி ஐயா."

"பாடத்திட்டத்தில் இருக்கிறதே."

"இருக்கட்டும். சாவு விழாத எடத்துல ஒப்பாரி எடுக்கக்கூடாது. எடுத்தா, வான்னு கூப்பிடற மாதிரி. இத்தனை குழந்தைங்க இருக்கிற எடம். நான் மாட்டேன்."

"நாடகத்தில் இரவுக்கிரவு அழுதீர்களே?"

"அது வேஷம். அரிதாரம் கலைச்சா அழுகையும் கலைஞ்சுடும். கேலரிக்காரன் காசுக்கு அழுதா யாருக்கு ஒட்டப்போவுது? இது அப்படி இல்ல. பேரு சொல்லி அழணும். யாரு பேரைச் சொல்ல? உங்க பேரைச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். விதியைக் காட்டி மறுக்கும் ஆளை விதியாலேயே மடக்க வேண்டும் என்பது என் உத்தியோக அனுபவம். சாவு இருக்கிறது என்றேன். தையல்முத்துவைப் பற்றியும் என் மனைவி அழாமல் இருப்பதைப் பற்றியும் சொன்னேன். வருகிற திதி நாளன்று பிற்பகல், பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெண்கள் மட்டும் இருந்து பாடினால் என்ன என்று கேட்டேன்.

குஞ்சம்மாளின் முகம் மாறிவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? பாடத்திட்டம் பாடத்திட்டம்னுட்டு. பாவம் அந்த அக்கா, நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்காங்க. பேரு தையல்முத்து. வளத்த அக்கா. புருஷன் இருக்காரா? எத்தனை புள்ளைங்க?"

எல்லாம் சொன்னேன். இரண்டு பெண்கள் என்றேன். உதட்டை அசைத்து மனதில் பதித்துக்கொண்டாள். அவள் தொழில் அது.

"உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"ஒப்பாரி பாடப்போகிறார்கள் என்று சொல்லிக் கூட்டிவருகிறேன்."

"சொல்லித்தானே கூட்டிட்டு வரணும்" என்றாள்.

5

திதி அன்று வள்ளிப்பிள்ளை விடியவே முழுகிச் சமைத்தாள். மதியம் இலை எடுத்தபின், மாடியில் ஒப்பாரி பாடுகிறார்கள், வா என்று நான் கேட்டதும், மறு பேச்சில்லாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ரிக்‌ஷாவில் எதிரே பார்த்தபடி இருந்தாள். கடற்கரைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் சில தாய்மாரும் வளர்ந்த பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். புவனம் மூலையில் நின்றாள். ஒப்பாரியில் ஆண்களுக்கு இடமில்லை. ஆகவே நானும் வைத்திலிங்கம் பிள்ளையும் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுகொண்டோம். அவர் பிடிலுக்குப் புதிய தந்தி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வாசிக்கவில்லையா?" என்றேன்.

"ஒப்பாரிக்குப் பிடில் கிடையாதுங்க. அழறவங்களுக்குச் சுருதி எதுக்கு?"

கதவு பாதி திறந்திருந்தது. குஞ்சம்மாள் வள்ளிப்பிள்ளையின் அருகே உட்கார்ந்து, ஒரு கையை அவள் தோளில் போட்டாள். மற்றப் பெண்களும் நெருங்கி வந்தார்கள். தலைகள் கூடின. அந்தப் பெரிய உடம்பிலிருந்து ஒரு மெல்லிய இழுப்பு எழுந்தது. சொல் இல்லாத, மூச்சு மட்டுமான ஓர் இழுப்பு. வைத்திலிங்கம் பிள்ளையின் கை தந்தியில் நின்றுவிட்டது. பிறகு, "என்னைப் பெறாத தாயே, தையல்முத்தே" என்று முதல் அடி வந்தது.

"பொறு, குஞ்சம்மா."

அது என் மனைவியின் குரல். அழுகை இல்லாத குரல்.

"என்னக்கா? பேரு தப்பா சொல்லிட்டனா?"

"பேர் சரி. பாடாதை."

"ஏன்க்கா? மனசுல இருக்கிறதைக் கொட்டிடுங்க. நாங்கல்லாம் இருக்கமே."

"நீங்கள் இருக்கிறியள், தெரியும். உன்ரை குரலைக் கேட்டவுடனை எனக்கு நெஞ்சுக்குள்ளை வந்திட்டுது. அதுதான் பொறு எண்டனான்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இஞ்சை அழுது முடிச்சனெண்டால், பிறகு நான் அங்கை என்னத்துக்குப் போறது?"

கீழே தையல் இயந்திரம் ஓடும் ஓசை கேட்டது.

"அக்காவின்ரை பெட்டையள் ரெண்டு பேர் இருக்கினம். சின்னம்மா வருவா, வந்து படலையிலை எங்களைக் கட்டிப்பிடிப்பா எண்டு இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருக்குதுகள். இது அதுகளுக்கெண்டு வைச்சிருக்கிற அழுகை. நான் இஞ்சை அழுதுபோட்டு, காஞ்ச கண்ணோடை அங்கை போய் நிண்டால், அதுகள் அழேக்கை நான் என்ன செய்யிறது? வேடிக்கை பாக்கிறதோ?"

"அக்கா..."

"இது நெஞ்சுக்குள்ளை கிடந்து நோகுதெண்டு எல்லாருக்கும் இரக்கம். நோகட்டும். நோகிற மட்டும் எனக்கு ஊர் இருக்கு."

பிறகு குரலை உயர்த்தினாள். "இஞ்சாருங்கோ, படியிலை ஒளிச்சு நிண்டு கேட்டது காணும். உள்ளுக்கு வாருங்கோ."

நான் உள்ளே போனேன். எத்தனையோ விசாரணைகளில் மேசைக்கு இந்தப்புறம் இருந்து பழகியவன், அன்று அந்தப்புறம் நின்றேன்.

"ஏன் இந்த ஏற்பாடு செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே? இவள் அழுது ஆறினால் பேசாமல் இஞ்சை கிடப்பாள் எண்டுதானே?"

மறுத்துச் சொல்ல எனக்குப் பல வாக்கியங்கள் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

குஞ்சம்மாள் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா சொல்றதுதான் சரி. எங்கம்மா செத்த சேதி எனக்கு ஈப்போவுல வந்துச்சு. அன்னைக்கு நாடகம் இருந்துச்சு. போகாம முடியுமா? மயானத்துல பாட்டு எடுத்தேன் பாருங்க, அது பாட்டே இல்ல. அம்மா அம்மான்னு வாயில வந்துச்சு. ஜனங்க அழுதாங்க. கை தட்டினாங்க. ஒன்ஸ்மோர்னாங்க. மறுபடியும் அழுதேன். அன்னைக்கோட தீந்துபோச்சு. கம்பெனி கலைஞ்சப்போ எல்லாரும் ஊருக்குப் போவோம்னாங்க. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லாத மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் இருக்கு." வள்ளிப்பிள்ளையின் தோளை அழுத்தினாள். "நீங்க அழாதீங்க அக்கா. எடுத்துட்டுப் போங்க."

வெளியே வந்தபோது வைத்திலிங்கம் பிள்ளை படியிலேயே உட்கார்ந்திருந்தார். தந்தி மாட்டி முடியவில்லை.

"அன்னைக்கு நான்தாங்க பிடில்" என்றார் தாழ்ந்த குரலில். "என்னிக்கும் இல்லாம இன்னிக்கு நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து சொல்லவும் சொன்னேன்."



6

மழை விட்டதும் வீட்டுக்குப் போனோம். அன்று வள்ளிப்பிள்ளை "எப்ப போறம்?" என்று கேட்கவில்லை. நான் "அடுத்த வருஷம்" என்று சொல்லவில்லை. மறுநாள் காலை நான் தொப்பியை எடுத்ததும் எங்கே என்று கேட்டாள். கப்பல் கந்தோருக்கு என்றேன். "குடையைக் கொண்டு போங்கோ" என்றாள்.

செய்ய வேண்டியவை எல்லாம் எனக்குத் தெரியும். பென்சனை யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரிக்கு மாற்றுவது எப்படி, நான் உயிரோடிருக்கிறேன் என்று அங்கே ஆண்டுதோறும் யாரிடம் நிரூபிப்பது, அம்மைப்பால் குத்திய சான்று எந்த வைத்தியரிடம் விரைவாகக் கிடைக்கும், கொழும்பில் இறங்கினால் ரயிலுக்குப் பெட்டிகளை எந்த வாசலால் எடுப்பது. மற்றவர்களுக்கு இதையெல்லாம் நான் வருஷக்கணக்காகச் செய்துகொடுத்தவன். எனக்கென்று செய்தபோது மட்டும் இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட மறந்து திரும்ப நடந்தேன். கந்தோர் இளைஞர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள்.

புவனம்தான் சிக்கல் என்று நினைத்தேன். அவளுக்கு ஊர் ஒரு படம். சுவரில் மாட்டியிருந்த ஒரு மங்கலான குடும்பப் படம். தையில் வேலை. வைத்திலிங்கம் பிள்ளையிடம் இப்போதுதான் சறுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தது. வகுப்பு முடிந்தபிறகும் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டிருந்தாள். ஆகவே எங்கள் இருவருக்கும் மட்டும் இடம் கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை அவளாகவே வந்து சொன்னாள். பாடசாலைத் தலைவியைப் பார்த்துவிட்டாளாம். ஒரு தவணை தாமதமாகச் சேர அனுமதி வாங்கிவிட்டாளாம். எழுத்தில் வாங்கினாயா என்று கேட்டேன். வாங்கியிருந்தாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

"நானும் வாறன். பிறகு திரும்பி வந்து ஹாஸ்டல்ல இருப்பன்."

"திரும்பித்தான் வரவேணுமோ?" என்றாள் தாய்.

"ஓம் அம்மா."

வள்ளிப்பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஓம்" என்றாள். இத்தனை காலமும் எனக்குச் சொன்ன அதே 'ஓம்' அல்ல. அந்தச் சொல்லில் இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அன்றுதான் அறிந்தேன். நான் மறுபடி நடந்துபோய் மூன்றாவது இடம் எடுத்தேன். அவளுடையது மட்டும் போகவும் வரவும்.

எங்கள் இருவருடைய கப்பற் சீட்டில் 'பினாங்கிலிருந்து கொழும்பு' என்று ஒரு வரி. அதற்குக் கீழே வெறும் இடம். முப்பது வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட வரி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் துறைமுக ஜெட்டியில் நின்று எதிர்க்கரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம், பதவி, மரியாதை என்று எல்லாவற்றையும் இந்தத் தீவு தந்தது. இது என் ஊரல்ல என்று தினமும் சொல்லிக்கொண்டே அதில் கிழவனாகிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இதற்காக ஏங்குவேன். அதற்கு யார் என்னைக் கட்டிப்பிடித்து அழுவது?

குஞ்சம்மாள் நேற்று வந்து, வழிக்கு முறுக்குச் சுட்டுத் தந்துவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "படலைன்னீங்களே அக்கா, அது வீட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கிழக்கு என்றாள் வள்ளிப்பிள்ளை. குஞ்சம்மாள் அதையும் மனதில் பதித்துக்கொண்டவள்போலத் தலையாட்டினாள்.

கப்பல் இந்தக் கிழமை. இன்று காலை தாயும் மகளும் பெரிய பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில் இதை எழுதிக்கொண்டிருந்தேன். புவனம் தன் தடுக்கும் தமிழில் கேட்டாள்.

"அம்மா, அங்க எல்லாரும் உங்களப் பிடிச்சு அழேக்க, நான் என்ன செய்யவேணும்? எனக்குப் பெரியம்மாவைத் தெரியாது. எனக்கு அழுகை வராட்டி?"

மடித்துக்கொண்டிருந்த சேலையின் ஓரத்தை நீவும் ஓசை கேட்டது.

"என்ரை தோளிலை கையைப் போடு" என்றாள் வள்ளிப்பிள்ளை. "அது காணும்."